டோங்காரிரோ எரிமலைப் பாதை: முதல்முறை நடப்பவர்களுக்கு

முதல் தடவை போனபோது நான் பாதி வழியில் திரும்பினேன். வழியில் வரும் தெற்குப் பள்ளத்தைத் தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கிய இடத்தில் காற்று என்னை இரண்டு முறை தரையில் உட்கார வைத்தது. மூன்றாவது முறை எழுந்திருக்காமல், முதுகுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே யோசித்தேன். அப்புறம் இறங்கிவிட்டேன். பதினைந்து மாதம் கழித்து, ஒரு பிப்ரவரியில் மறுபடி போய் முழுப் பாதையையும் நடந்தேன். அந்த இரண்டு நாள்களில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதையை எப்படி நடப்பது என்பதைவிட, வேண்டுமென்றால் திரும்பிவிடக்கூடிய மாதிரி அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்பதையே அதிகம் சொல்லப் போகிறேன்.

நியூசிலாந்து வடக்குத் தீவின் நடுவில் மூன்று எரிமலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ருவாபெஹூ 2,797 மீட்டர். கூம்பு வடிவில் இருக்கும் ஙவுருஹொயே 2,287 மீட்டர். இரண்டாயிரத்தைத் தொடாத டோங்காரிரோ, பல எரிமலை வாய்களைக் கொண்ட பழைய மலை. இந்த டோங்காரிரோவின் தோள் மேல் ஏறி மறுபக்கம் இறங்குவதுதான் 'டோங்காரிரோ அல்பைன் கிராஸிங்'. சுமார் 20 கிலோமீட்டர். ஓரளவு நடைப்பழக்கம் உள்ளவருக்கு ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். (ஙவுருஹொயே என்ற பெயரை வாய் திறந்து சொல்ல வெள்ளைக்கார நண்பர்கள் திணறுவார்கள். அந்த முதல் ஒலி நம்முடைய 'ங' தான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் அதில் தொடங்கும் சொற்கள் ஏராளம். நாம் சரியாகவே சொல்லலாம்.)

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். இது வட்டப் பாதை இல்லை. மங்கடெபோபோ முனையில் தொடங்கி கெடெடாஹி முனையில் முடிகிறது. தொடங்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. முடியும் இடம் 800 மீட்டருக்கும் கீழே. அதனால் இந்தத் திசையில் போனால் ஏற்றம் குறைவு. மாற்றி நடக்க ஒரு காரணமும் இல்லை.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பயணத் திட்டத்தில் இந்த நடைக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்குகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். "இன்றைக்கு விட்டால் நாளைக்கு பஸ் ஏறணும்" என்ற நிலையில் இருப்பவர், மேகம் இறங்கினாலும் நடந்துகொண்டேதான் இருப்பார். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இரவுகள் பக்கத்தில் தங்குங்கள். நேஷனல் பார்க் வில்லேஜ், தூராங்கி இரண்டிலும் பேக்பேக்கர் விடுதிகள் இருக்கின்றன. டௌப்போ பெரிய ஊர். ஆனால் அங்கிருந்து கிளம்ப இன்னும் விடியற்காலையில் எழ வேண்டும்.

நடைக்கான பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை (அங்கே பிப்ரவரி கோடை, ஆகஸ்ட் குளிர்காலம்). நவம்பரில் மேலே பனி மிச்சம் இருக்கலாம். மே முதல் அக்டோபர் வரை இது வேறு மலை. பனிக்கோடரி, காலணியில் மாட்டும் இரும்பு முட்கள், பனிச்சரிவைப் பற்றிய அறிவு எல்லாம் வேண்டும். புதியவர்கள் அந்த மாதங்களில் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது.

முந்தின நாள் மாலையிலும் கிளம்பும் காலையிலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நியூசிலாந்தின் வானிலை நிறுவனமான மெட்சர்வீஸ் வெளியிடும் டோங்காரிரோ மலைப்பகுதிக்கான வானிலை அறிக்கை. ஊருக்கான அறிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மழையைவிடக் காற்றின் வேகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உச்சியில் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்று போட்டிருந்தால் போகமாட்டேன். நான் திரும்பி வந்த நாளில் கீழே நல்ல வெயில். இலைகூட அவ்வளவாக அசையவில்லை.

இரண்டாவது, எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் இணையதளத்தில் எரிமலை எச்சரிக்கை நிலை. 0 முதல் 5 வரை எண்கள். 0 என்றால் மலை அமைதி, 1, 2 என்றால் உள்ளே அசைவு இருக்கிறது, 3 முதல் 5 வரை வெடிப்பு. 0 என்று இருக்கும் நாளிலும் இது உயிருள்ள எரிமலைதான். 2012 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு டோங்காரிரோவின் வடபுறம் உள்ள டெ மாரி வாய் வெடித்தது. பறந்து வந்த பாறைகள், நடப்பவர்கள் தங்கும் கெடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. குளிர்கால நள்ளிரவு என்பதால் குடிலில் யாரும் இல்லை. அதே வருடம் நவம்பர் 21-ஆம் தேதி பகலில் மறுபடி வெடித்தபோது பாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் பாதையில் மின்னணு எச்சரிக்கைப் பலகைகள் வந்தன. சிவப்பு விளக்கு மின்னினால் யாரிடமும் விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள்.

நடைக்குக் கட்டணம் இல்லை. நியூசிலாந்து இயற்கைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இலவசமாக முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள். செய்துவிடுங்கள். பாதை நிலவரத்தை உங்களுக்குத் தெரிவிக்க அவர்களுக்கு அது உதவும்.

வேன்

பருவக் காலத்தில் மங்கடெபோபோவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்த முடியாது. அதனால் எல்லாரும் ஷட்டில் வேனில்தான் போகிறார்கள். விடுதியிலேயே கேட்டால் ஏற்பாடு செய்துவிடுவார்கள். இரண்டு வகை உண்டு. விடுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் மாலையில் மறுமுனையில் அழைத்து வருவது ஒரு வகை. சொந்தக் கார் இருந்தால், அதைக் கெடெடாஹி பக்கத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து காலையில் வேனில் தொடக்க முனைக்குப் போவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் நல்லது. மாலையில் வேனைப் பிடிக்க ஓட வேண்டாம். முட்டி வலித்தால் மெதுவாக இறங்கலாம்.

முதல் வகையில் போனால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வேன் எத்தனை மணிக்கு? வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா? பாதியில் திரும்பி மங்கடெபோபோவுக்கே வந்துவிட்டால் அங்கே வந்து கூட்டிப்போவார்களா? இந்த மூன்றாவதை நான் முதல் தடவை கேட்கவில்லை. திரும்பி வந்து வாகன நிறுத்தத்தில் குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "திரும்பினால் எப்படி ஊர் போவது?" என்ற கவலை இருந்தால் மனம் மேலே போகத்தான் தள்ளும். அந்தக் கவலையை முதல் நாளே தீர்த்துவிட வேண்டும்.

வேன் ஓட்டுபவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் அதோடு சரி. அவர்கள் அந்த மலையைத் தினமும் பார்க்கிறவர்கள். அன்றைக்கு ஃபாகபாபா கிராமத்திலிருந்து டாரனாகி அருவிக்குப் போங்கள். இரண்டு மணி நேரச் சுற்று. ருவாபெஹூ 15,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய எரிமலைக் குழம்பு உறைந்து நிற்கும் விளிம்பிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விழுகிறது. வீணான நாள் என்று சொல்லவே முடியாது.

பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம். பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டினால் பரவாயில்லை என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே வேர்வையில் நனைந்த பருத்தி, காற்று அடித்த ஐந்தாவது நிமிடம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அந்த வகையில் உச்சியில் நான்கு, ஐந்து டிகிரிதான் குறைவு. ஆனால் காற்றையும் சேர்த்துக்கொண்டால் கோடையிலும் உறைநிலைக் குளிர் போலத் தெரியும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற குளிர்ச்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட், மழைக்கான மேல் கால்சட்டை. கம்பளிக் குல்லா, கையுறை இரண்டும் பிப்ரவரியிலும் என் பையிலிருந்து வெளியே வந்தன.

காலணி கணுக்காலை மூடுவதாக இருக்கட்டும். புதிதாக வாங்கி நேராக மலைக்குப் போட்டுப் போகாதீர்கள். இரண்டு வாரமாவது தெருவில் நடந்து பழக்குங்கள். நாட்டுக்குள் நுழையும்போதே ஒரு விஷயம்: நடைக் காலணியை மண் இல்லாமல் கழுவிக் கொண்டுவந்து, விமான நிலையப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். உணவுப் பொருளும் அப்படியே. வீட்டில் அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடி, ஊறுகாய் எதுவானாலும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம்.

பாதையில் குடிக்கத் தகுந்த தண்ணீர் கிடையாது. ஆளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் சுமந்துகொள்ளுங்கள். சாப்பாட்டுக்குச் சோறு சரிப்படாது. குளிரில் விறைத்துப்போகும், விரல் மரத்த கையால் பிசையவும் முடியாது. சப்பாத்தியில் கடலை வெண்ணெய் தடவிச் சுருட்டிக்கொண்டு போனேன். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் இரண்டும் அருமை. ஆக்லாந்து, ஹாமில்டன் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும்.

அப்புறம் வெயில் களிம்பு, கறுப்புக் கண்ணாடி, தலைவிளக்கு, கொப்புளத்துக்கான பிளாஸ்டர். நியூசிலாந்து வெயில் குளிர்ச்சியாக இருந்துகொண்டே தோலைச் சுடும். ஒரு ஜோடி ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். செல்போன் எல்லா இடத்திலும் எடுக்காது. அவசரத்துக்கு 111. தனியாகப் போகிறவர்கள் இருப்பிடம் காட்டும் அவசரக் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது.

ஏற்றம்

முதல் ஒரு மணி நேரம் மங்கடெபோபோ பள்ளத்தாக்கு. தரை கிட்டத்தட்டச் சமம், மரப்பலகைப் பாதையும் உண்டு. இங்கே வேகமாக நடக்கத் தோன்றும். நடக்காதீர்கள், பக்கத்தில் கிடப்பதைப் பாருங்கள். எரிமலைக் குழம்பு உறைந்த மேடுகள் வரிசையாகக் கிடக்கும். சிலதில் சாம்பல்நிறப் பாசி படர்ந்து, புதர் முளைத்திருக்கும். சிலது இன்னும் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்தக் கறுப்பு மேடுகள் 1949-லும் 1954-லும் ஙவுருஹொயே கக்கியவை. அந்த மலையின் கடைசிப் பெரிய வெடிப்பு 1975-இல்.

சோடா ஊற்றுக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது. தேவை இல்லை என்று தோன்றினாலும் போய்விட்டு வாருங்கள். அங்கே உட்கார்ந்து ஒரு பிடி ஏதாவது சாப்பிட்டு, மேல் ஃப்ளீஸைக் கழற்றிப் பையில் வையுங்கள். அடுத்தது செங்குத்தான படிக்கட்டு. 'பிசாசுப் படிக்கட்டு' என்று பெயர். வேர்வையில் நனையாமல் ஏறுவதுதான் இதில் ரகசியம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். முந்துகிறவர்களை விட்டுவிடுங்கள்.

படி முடிந்ததும் தெற்குப் பள்ளம். ஆங்கிலப் பெயரில் ('சவுத் க்ரேட்டர்') 'எரிமலை வாய்' என்று இருந்தாலும் உண்மையில் இது வாய் இல்லை. சுற்றிலும் மேடு சூழ்ந்த வடிநிலம். மஞ்சள்பழுப்பில் தட்டையாக, கிரிக்கெட் மைதானம்போல விரிந்து கிடக்கும். வலப்பக்கம் ஙவுருஹொயே தலைக்கு மேல் நிற்கும்.

முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். இதுவரை வந்த வழி எளிது, திரும்புவதும் எளிது. இதற்கு மேல் திறந்த முகடு, இரண்டு பக்கமும் சரிவு. இங்கே நின்று நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். காற்றில் நேராக நிற்க முடிகிறதா? எதிரே உள்ள முகடு கண்ணுக்குத் தெரிகிறதா? கூட வந்தவர்களில் மெதுவாக நடப்பவர் எப்படி இருக்கிறார்? நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டதா? ஏதாவது ஒன்றில் தயக்கம் வந்தாலும் திரும்புங்கள். என் முதல் பயணத்தில் நான் இங்கே நிற்கவில்லை. நேராக ஏறிப் போய், காற்று உட்கார வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த முகட்டிலிருந்து இறங்கிய இருபது நிமிடம் நான் அதிகம் பயந்த இருபது நிமிடம்.

ஙவுருஹொயே உச்சிக்கோ டோங்காரிரோ உச்சிக்கோ ஏற வேண்டாம். இந்த மலைகள் ஙாட்டி தூஃபாரெடோவா என்ற மாவோரி இனக்குழு மக்களுக்கு முன்னோர்கள். மலைச்சிகரம் முன்னோரின் தலை. அவர்களுடைய தலைவர் டெ ஹெயூஹெயூ தூகினோ 1887 செப்டம்பர் 23-ஆம் தேதி இந்தச் சிகரங்களை நாட்டுக்குக் கொடையாகக் கொடுத்தார். நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அதிலிருந்துதான் பிறந்தது. 1990-இல் யுனெஸ்கோ இயற்கைச் சிறப்புக்காக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1993-இல் பண்பாட்டு நிலப்பரப்பு என்ற வகையில் உலகிலேயே முதலாவதாக இதை ஏற்றுக்கொண்டது. நமக்கு நடக்க வழி விட்டிருக்கிறார்கள். தலை மேல் கால் வைக்காமல் வாருங்கள் என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

சிவப்பு வாயும் அந்த இறக்கமும்

தெற்குப் பள்ளத்திலிருந்து சிவப்பு எரிமலை வாய்க்குச் சுமார் ஒரு மணி நேரம். பாதையின் மிக உயரமான பகுதி, 1,900 மீட்டருக்குச் சற்றுக் கீழே. முதலில் மூக்குக்குத்தான் தெரியும், கந்தக வாடை. அப்புறம் திடீரென்று தரை பிளந்து, செங்கல் சூளைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஒரு சிவப்பு. பாறையில் உள்ள இரும்பு, சூட்டில் துருப்பிடித்த நிறம் அது. எதிர்ச் சுவரில் வெட்டிவிட்ட குழாய்போல ஒரு பொந்து தெரியும். குழம்பு மேலேறி வந்து பின்பு வடிந்துபோன வழி. பாதையோரம் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில இடங்களில் இட்லிப் பானையின் மூடிபோல இளஞ்சூடாக இருக்கும். விளிம்புக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அது உதிரி மண்.

இனிதான் ஊன்றுகோலுக்கு வேலை. சிவப்பு வாயிலிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவு முழுக்கச் சரளை. கடுகு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை கல், எதுவும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ஒவ்வொரு அடிக்கும் கால் அரை அடி கீழே வழுக்கும். பயந்து பின்னால் சாய்ந்தால் உட்கார்ந்துவிடுவீர்கள். பெரும்பாலும் ஆட்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியது இதுதான். இறங்கும் முன் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். விரல் முன்னால் போய் இடிக்காது. கேமராவையும் போனையும் பைக்குள் போடுங்கள். முட்டியைச் சற்று மடக்கி, குதிகாலை அழுத்தி ஊன்றுங்கள். அது உள்ளே புதைந்து வழுக்கி நிற்கட்டும். நின்ற பிறகு அடுத்த கால். உடம்பு கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் வராமல் நான்கைந்து அடி பக்கவாட்டில் தள்ளி வாருங்கள். நீங்கள் உருட்டும் கல் அவர் மேல் விழாது. எனக்கு முன்னால் ஒரு பெண் நடுச் சரிவில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் கீழேயிருந்து "வா, ஒன்றும் இல்லை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு முதியவர் நின்று தன் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து, "குதிகால், குதிகால்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே கூட இறங்கினார். பத்து நிமிடத்தில் இருவரும் கீழே போய்விட்டார்கள்.

கீழே மூன்று ஏரிகள், பச்சை. வெடிப்பில் உண்டான குழிகளில் தண்ணீர் நிறைந்து, வெந்த பாறையிலிருந்து கரைந்த தாதுக்களால் வந்த நிறம். அமிலத் தண்ணீர், தொடவும் கூடாது. மாவோரி மக்களுக்கு இந்த ஏரிகள் புனிதம். கரையில் உட்கார்ந்து பாருங்கள், காலை நனைக்காதீர்கள். அடுத்து நடுப் பள்ளத்தைக் கடந்தால் நீல ஏரி. அதன் கரையில் சாப்பிடுவதும் குடிப்பதும் அவமரியாதை. அதனால் மதிய உணவை அங்கே போவதற்கு முன்பே, நடுப் பள்ளத்தில் காற்று படாத ஒரு பாறை மறைவில் முடித்துவிடுங்கள். குப்பை ஒன்றையும் விட்டுவராதீர்கள். ஆரஞ்சுத் தோல்கூட அந்தக் குளிரில் மட்காது.

இறக்கம்

நீல ஏரியைத் தாண்டியதும் "முடிந்தது" என்று தோன்றும். முடியவில்லை. மூன்று மணி நேர இறக்கம் பாக்கி. புல்வெளிச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் பாதை, எதிரே ரொட்டோஐரா ஏரியும் தூரத்தில் டௌப்போ ஏரியும். அழகு தாராளமாக இருக்கும், முட்டிதான் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நின்று காலணியைக் கழற்றி, உள்ளே போன சரளையைக் கொட்டுங்கள். சிறு கல் ஒன்று இரண்டு கிலோமீட்டரில் கொப்புளமாகிவிடும்.

இடப்புறம் ஆவி எழும் கெடெடாஹி வெந்நீர் ஊற்றுகள் மாவோரி மக்களின் தனி நிலம். அங்கே போக அனுமதி இல்லை. கடைசிப் பகுதியில் திடீரென்று அடர்காடு வரும். நாள் முழுக்கக் கல்லைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை இதமாக இருக்கும். ஆனால் ஓடையை ஒட்டிய ஒரு பகுதியில் 'இங்கே நிற்காதீர்கள்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து சேறும் பாறையும் அடித்துக்கொண்டு வரக்கூடிய வழி அது. ஓய்வெடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே எடுத்துவிட்டு, அந்தத் துண்டை நிற்காமல் கடந்துவிடுங்கள்.

வாகன நிறுத்தத்துக்கு வந்ததும் முதலில் ஈரச் சட்டையை மாற்றுங்கள். வேனுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில்தான் உடம்பு நடுங்கத் தொடங்கும். பையின் அடியில் ஒரு காய்ந்த சட்டையும் காலுறையும் இதற்காகவே வைத்திருங்கள். தூராங்கியில் தங்குகிறவர்கள் அடுத்த நாள் பக்கத்திலுள்ள டோக்கானுவின் வெந்நீர்க் குளங்களுக்குப் போகலாம். நான் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு மணி நேரம் கழித்துப் பிடிக்காமல் ஏறி வந்தேன்.